ஒன்றரை இலட்சத்தைக் கட்டாதீர்கள்: கணினி, பொறியியல், கணிதம் படிக்கிற பிள்ளைக்குக் காசு எங்கே இருக்கிறது

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சி உயர்தரம் கணிதப் பிரிவில் 2 ஏ, 1 பி எடுத்திருக்கிறா. கணினி அல்லது பொறியியல் படிக்க விருப்பம். அப்பா தோட்டம் செய்கிறார், தம்பிக்கு ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வெளிநாட்டில் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்று ஒரு அலுவலகத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா முற்பணம் கேட்கிறார்களாம். கட்டலாமா, அல்லது வேறு வழி உண்டா என்பது கேள்வி.

கட்டாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் பிறகு, முதலில் இது.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். வெளிநாட்டில் மாணவர் கிடைக்காமல் திண்டாடும் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. கட்டணத்தை உயரத்தில் வைத்துவிட்டு, விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் முப்பது வீதமோ ஐம்பது வீதமோ குறைத்து அதற்குப் புலமைப்பரிசில் என்று பெயர் வைப்பார்கள். ஆடிக் கழிவு மாதிரித்தான். ஆளைச் சேர்த்துவிடுகிறவருக்குக் கல்லூரி தரகு கொடுக்கும். அதற்கு மேல் உங்களிடமும் ஒன்றரை இலட்சம். மிச்சம் ஐம்பது வீதக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் யார் கட்டுவது என்று கேட்டால், “அங்கே போய் பார்ட் டைம் செய்யலாம்” என்பார்கள். தோட்டக் காணியை ஈடு வைத்துப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். உண்மையான புலமைப்பரிசில் கொடுக்கிற இடம் எதுவும் “எடுத்துத் தருவதற்கு” காசு வாங்காது. நேரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது விண்ணப்பக் கட்டணம் இருக்கலாம். அதைக் கட்டுவதும் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில்தான், ஆளின் கையில் அல்ல.

சரி, காசு உண்மையில் எங்கே இருக்கிறது?

எங்கள் ஊரில் புலமைப்பரிசில் என்றதும் ஐந்தாம் ஆண்டுச் சோதனைதான் மனதில் வரும். ஒரு நாள் பரீட்சை, ஒரு புள்ளி, பிறகு சந்தியில் படத்தோடு ஒரு பனர். அதே எண்ணத்தோடுதான் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலையும் தேடுகிறார்கள்: நல்ல புள்ளிக்கு யாரோ தரும் பரிசு என்று. கணினி, பொறியியல், கணிதம் மூன்றிலும் இருக்கிற பெரும்பகுதிக் காசு அப்படி வருவதில்லை. அது வேலைக்குக் கொடுக்கிற சம்பளமாக வருகிறது, அதுவும் முதல் பட்டத்துக்குப் பிறகு. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பு முடித்துத் திரும்பி வந்தவன். படிப்புக் கட்டணமாக இங்கேயும் ஒரு சதம் கட்டவில்லை, அங்கேயும் கட்டவில்லை. எனக்குக் கிடைத்த எதற்கும் புலமைப்பரிசில் என்ற பெயரும் இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தேடாதீர்கள் என்கிறேன்.

இங்கிருந்து தொடங்குவோம். எங்கள் நாட்டில் மிகப் பெரிய புலமைப்பரிசில் அரச பல்கலைக்கழக இடந்தான். பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது எங்களுக்குப் பழகிப்போய் அதன் பெறுமதி கண்ணில் படுவதில்லை. 2 ஏ, 1 பி என்பதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. இசட் புள்ளியும் (பாடப் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து போடுகிற கணக்கு) யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியும்தான் முடிவு செய்யும். அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்கள் பிரியும். பொறியியல் கிடைத்தால் மொரட்டுவ, பேராதனை, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள எங்கள் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் என்று போகலாம். கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ் பல்கலைக்கழகத்திலேயே, கணினி விஞ்ஞானம் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆனது அது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் தெரிவு வரிசையை ரியூசன் சேர் சொன்னபடி நிரப்பாமல், பிள்ளை உண்மையில் எதை விரும்புகிறா என்ற ஒழுங்கில் நிரப்புங்கள். “பொறியியல் கிடைக்காவிட்டால் மானம் போய்விடும்” என்று கணினி விஞ்ஞானத்தைக் கீழே தள்ளிய பிள்ளை ஒன்று பிறகு என்னிடம் வந்து அழுதது. அதனால் சொல்கிறேன்.

உள்ளே போனதும் மகாபொல என்ற மாதாந்த உதவிப் பணம். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கியது. லொத்தர்ச் சீட்டு இலாபத்தில் ஒரு பகுதி அந்த நிதிக்குத்தான் போகிறது, ஆகவே பஸ் ஸ்ராண்டில் சீட்டு வாங்கி விழாமல் போனவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மாதம் 5,000 ரூபாவாக நெடுங்காலம் கிடந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவான தொகையில் பர்சரி என்ற உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். கிராம அலுவலரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் ஒப்பம் எடுக்க வேண்டி வரும். தோட்ட வருமானத்தை எழுதும்போது வெங்காயம் விலை போன வருடத்தை வைத்துப் பெருமையாக எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இந்தக் காசில் கொழும்பில் சீவிக்க முடியாது. திருநெல்வேலியில் வீட்டிலிருந்து போய்வந்தால் பஸ் காசும் சாப்பாடும் போட்டோகொப்பியும் ஓடும். தொகை ஒழுங்காக மாதா மாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம், பிந்தும்.

இடைவெளியை நிரப்ப எங்கள் ஊரில் இன்னொரு வழி இருக்கிறது, அதைக் கேட்கத்தான் கூச்சப்படுகிறோம். பாடசாலையின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கின்றன. ஊர் ஒன்றியங்கள் இருக்கின்றன. கோயில் தர்மகர்த்தா சபைகள்கூட மாதம் ஒரு தொகை கொடுக்கின்றன. அதிபரிடம் போய் நேரடியாகக் கேளுங்கள். “ஒரு லப்டொப் வேண்டும், முதல் வருடம் மாதம் இவ்வளவு வேண்டும்” என்று கணக்கோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் உதவுகிறவருக்கும் இலேசு. “ஏதாவது உதவி செய்யுங்கோ” என்று கேட்டால் ஏதாவதுதான் வரும்.

இப்போது முதல் பட்டத்துக்கே வெளியே போகிற வழிகள். எங்கள் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டுவது இந்திய அரசின் புலமைப்பரிசில்தான், ஆனால் இங்கே அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. இலங்கைக்கென்று வருடம் ஏறக்குறைய 200 இடங்கள். நேரு நினைவுத் திட்டத்தில் பொறியியல், விஞ்ஞானம் உட்படப் பல துறைகளில் இளநிலைப் பட்டம். ராஜீவ் காந்தி திட்டம் தகவல் தொழில்நுட்பத்தில் பி.இ., பி.டெக். படிக்கிறவர்களுக்கென்றே வைத்தது. மௌலானா ஆசாத் திட்டம் முதுநிலைக்கு. முழுக் கல்விக் கட்டணம், மாதாந்தப் படி, தங்குமிடப் படி, புத்தகத்துக்கு வருடத்தில் ஒரு தொகை, விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்தது. மருத்துவம் இதில் இல்லை, அதனாலேயே எங்கள் பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை போலும். கொழும்பு இந்திய உயர் ஸ்தானிகராலயம் அறிவித்தல் போடும், தெரிவில் எங்கள் கல்வி அமைச்சும் சேர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்திலேயே 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது, நேரே போய்க் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் கண்ணை மூடிக்கொண்டு “இந்தியா என்றால் சரி” என்று நிரப்பாதீர்கள். அந்தத் துறையில் யார் படிப்பிக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது ஜப்பான். அரச புலமைப்பரிசில், தூதரகத்தின் ஊடாக. இளநிலைக்கு ஒரு வருடம் மொழி, பிறகு நாலு வருடம் பட்டம். கட்டணம் இல்லை, மாதம் 117,000 யென் கைச்செலவு. தெரிவுக்கு எழுத்துப் பரீட்சை இருக்கிறது. பொறியியல் பக்கம் போகிறவர்கள் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எழுத வேண்டும். கடந்தகால வினாத்தாள்களை அவர்களே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். இணைந்த கணிதம் ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு அந்தக் கணிதத் தாள் பூதம் அல்ல. நான் ஒருமுறை ஒரு பிள்ளையோடு இருந்து மூன்று வருடத் தாள்களைச் செய்து பார்த்தேன். அவவுக்குத் தடங்கியது கணக்கு அல்ல, கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததுதான். பதினைந்து நாளில் பழகிவிட்டா.

அமெரிக்காவில் எம்.ஐ.டி., ஹாவார்ட், பிரின்ஸ்டன், யேல் போன்ற சில இடங்கள் வெளிநாட்டுப் பிள்ளையின் வசதியைப் பார்க்காமலே தெரிவு செய்து, பிறகு தேவையான அளவு காசும் கொடுக்கும். கனடாவில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பியர்சன் புலமைப்பரிசில் நாலு வருடக் கட்டணம், புத்தகம், விடுதி எல்லாம் தரும். அதற்குப் பாடசாலைதான் பிள்ளையைப் பரிந்துரைக்க வேண்டும், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும்போது யோசிப்பது பிந்தியது. பன்னிரண்டாம் ஆண்டில் உள்ள தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது பொருந்தும். ரொறன்ரோ ஸ்காபரோவில் மாமா இருப்பது இந்தப் புலமைப்பரிசிலுக்கு எந்த விதத்திலும் உதவாது, சாப்பாட்டுக்கு மட்டும் உதவும்.

இனி நான் அதிகம் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன்: முதல் பட்டத்துக்குப் பிறகு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கணிதம், கணினி, பொறியியலில் கலாநிதிப் படிப்புக்குப் போகிற பிள்ளை பொதுவாகத் தன் கைக்காசு கட்டிப் படிப்பதில்லை. துறையே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அல்லது கட்டணத்துக்கும் சேர்த்து, மாதச் சம்பளம் கொடுக்கும். பதிலுக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை: முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கல்குலஸ் வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, அல்லது பேராசிரியரின் ஆய்வில் சேர்ந்து செய்வது. கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் என்று பெயர். நான் முதல் நாள் வகுப்புக்குள் போனபோது முப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் என் உச்சரிப்பைக் கேட்டு முழித்தார்கள். வகையீட்டைக் கரும்பலகையில் நிதானமாக, ஒரு படியும் விடாமல் எழுதினேன். மூன்றாம் கிழமை பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். எங்கள் ஊர் ரியூசன் கொட்டிலில் இருநூறு பேருக்குப் பின்னால் இருந்து படித்ததில் நான் கற்றது அதுதான்: கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் தெரிய எழுது.

இந்த வழியில் போக நினைக்கிற பிள்ளை முதல் வருடத்திலேயே இரண்டு விடயம் முடிவு செய்ய வேண்டும். விஞ்ஞான பீடத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிடாமல் நாலு வருடச் சிறப்புப் பட்டம் எடுக்க வேண்டும். மூன்று வருடப் பட்டத்தை அங்கே பல இடங்கள் முழுமையாக ஏற்றுக்கொள்வதில்லை, ஆய்வு ஒன்று செய்து எழுதிய அனுபவமும் வராது. மற்றது, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த விரிவுரையாளர் மூன்று பேராவது இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுவது அவர்கள்தான். முன் வாங்கில் இருந்து கேள்வி கேட்காத பிள்ளைக்கு “ஒழுக்கமான மாணவி, நேரத்துக்கு வருவார்” என்றுதான் எழுத முடியும். அந்தக் கடிதம் நல்லதல்ல, கெட்ட கடிதம்.

கணினிப் பக்கம் இன்னொன்று. கூகுள் சம்மர் ஒஃப் கோட் என்று 2005இலிருந்து நடக்கிறது. யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றில் பங்களித்தால் காசு தருவார்கள். அதன் முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவப் பல்கலைக்கழகம். அங்கே அண்ணாமார் செய்ததைப் பார்த்துத் தம்பிமார் செய்தார்கள், அவ்வளவுதான் இரகசியம். வீட்டில் இருந்துகொண்டே செய்யலாம். அந்த வேலை பிறகு விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழையும்விடப் பேசும்.

முதுநிலைக்கு ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் இருக்கிறது: மாதம் 1,400 யூரோ, கட்டணம் இல்லை, இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம். விண்ணப்பம் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் செவெனிங்கும் உண்டு. செவெனிங் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கச் சொல்லும். அமெரிக்காவுக்கு புல்பிரைட், அதன் இலங்கை ஆணைக்குழு 1952இலிருந்து இருக்கிறது. ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது பொதுவாக உண்மை. ஆனால் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017இலிருந்து வெளிநாட்டவரிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. அதைவிடப் பெரிய தடை, விசாவுக்கு வங்கியில் முடக்கி வைத்துக் காட்டச் சொல்லும் வருடத்துக்கு 11,904 யூரோ. “ஜேர்மனி இலவசம்” என்று சொல்பவர்கள் இந்தத் தொகையைச் சொல்வதில்லை.

தூய கணிதத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரைச் சொல்வேன். பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய நிலையம் அங்கே இருக்கிறது. வளர்முக நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வருட முதுநிலை டிப்ளோமா, முழுச் செலவும் அவர்களுடையது. இங்கிருந்து நேரே நல்ல கலாநிதி இடத்துக்குப் பாய முடியாத பிள்ளைக்கு அது நல்ல படி. கணிதம் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று வீட்டில் யாராவது சொன்னால், கேம்பிரிட்ஜில் பெரிய பௌதிகவியலாளர் பால் டிராக்கிடம் ஆய்வு செய்த எங்கள் கணிதவியலாளர் சி. ஜே. எலியேசரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சரி, அவரும் பேராசிரியராகத்தான் போனார்.

விண்ணப்பம் எழுதுவது பற்றி ஒன்று. போன வருடம் ஒரு பிள்ளை தன் நோக்கக் கூற்றை, அதாவது ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதுவதை, கொண்டுவந்து காட்டினா. முதல் பந்தி முழுக்க வறுமை, போர், அம்மாவின் கண்ணீர். எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிற குழுவுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யத் தெரிந்தவ என்று ஒரு வரியும் இல்லை. வேறு என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், அப்பாவின் தோட்டத்தில் மோட்டர் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு மண்ணெண்ணெய் போனது, எத்தனை பாத்தி நனைந்தது என்று இரண்டு வருடம் கொப்பியில் குறித்து, பிறகு பைத்தன் என்ற கணினி மொழியில் வரைபு போட்டு, காலையில் இறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்டியிருக்கிறா. “அது வீட்டு விசயம் சேர், எழுதலாமா?” என்று கேட்டா. அதைத்தான் முதல் பந்தியாக வைத்தோம். வறுமை அந்தப் பந்திக்குள்ளேயே தெரிந்தது, தனியாகச் சொல்ல வேண்டி வரவில்லை.

ஆங்கிலச் சோதனைக்குப் பெரிய கட்டணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பட்டத்தை ஆங்கில மூலம் படித்தேன் என்ற கடிதத்தையே சில இடங்கள் ஏற்கும். அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் 75 டொலருக்கு மேலும் போகும். வசதி இல்லை, தள்ளுபடி தர முடியுமா என்று ஈமெயிலில் கேட்டால் தருகிற துறைகள் உண்டு. கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

உங்கள் தங்கச்சிக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குள் போக எங்கள் நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் போகிறது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் விண்ணப்பிக்கட்டும், ஆங்கிலமும் பைத்தனும் பழகட்டும். அரச இடம் வந்தால் எடுக்கட்டும். அரச இடமே வராவிட்டாலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கின்றன, வேலை செய்துகொண்டு படிக்கலாம். தனியார் பட்டத்துக்கு அரசின் வட்டியில்லாக் கடன் உண்டு, ஆனால் அது கடன், புலமைப்பரிசில் அல்ல.

அதற்கெல்லாம் முன் பெயரைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் காசில்லாமல் தவறவிடுவதைவிட எழுத்தால் தவறவிடுவது அதிகமோ என்று சில வேளை நினைப்பேன். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவார், அடையாள அட்டையில் வேறு மாதிரி, உயர்தரப் பெறுபேற்றில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக மட்டும். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும், எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு பிள்ளைக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர் இருந்து, ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்கவே விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. இப்போது 2025 செப்டெம்பரிலிருந்து யாழ் மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு எடுக்கலாம், வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டியதில்லை. இன்றிரவு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் எது எங்கே என்று குறித்து எனக்கு எழுதுங்கள், எந்தக் கந்தோரில் எதை முதலில் திருத்துவது என்று சொல்கிறேன்.